செடி ஏன் செத்தது? கடலூர், புதுவை வீட்டுத் தோட்டக் கேள்விகளும் பதில்களும்

காய்த்துக் குலுங்கும் படங்கள் வேண்டாம், கருகிப்போனதையும் அழுகிப்போனதையும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். மனம் திறந்து எழுதிய அனைவருக்கும் நன்றி. புதுவையில் மொட்டைமாடியிலும் கொல்லையிலுமாக 22 ஆண்டுகளாகச் செடி வளர்க்கிறேன். நீங்கள் எழுதியவற்றில் பாதிக்கு மேல் நானும் செய்து செடியைப் பறிகொடுத்தவைதாம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, நர்சரியில் பூவும் மொட்டுமாக வாங்கி வந்த ரோஜா மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். வாடியதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சேர்த்தே ஊற்றினேன். போதவில்லையோ?

போதாமல் போகவில்லை அம்மா, மிஞ்சிப்போய்விட்டது. எனக்கு வந்த கடிதங்களில் மூன்றில் ஒன்று இந்தக் கதைதான்.

தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும், தண்ணீர் மிஞ்சி வாடும் செடியும் மேலே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் இலை தொங்கும். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளெல்லாம் நாள் முழுக்கத் தண்ணீரால் அடைபட்டிருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். அதைப் பார்த்து நாம் மேலும் ஒரு செம்பு ஊற்றுவோம்.

தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் அறுபடாது. அழுகிய வேர் கறுத்திருக்கும். இரு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடைபோல ஒரு வாடை அடிக்கும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நர்சரி ரோஜாக்கள் பெரும்பாலும் இறுகிய செம்மண் உருண்டைக்குள் வருகின்றன. அதை அப்படியே தொட்டியில் வைத்தால், சுற்றிலும் நீங்கள் போட்ட பொலபொலப்பான மண் ஒரு பக்கம், நடுவே செங்கல்போன்ற உருண்டை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, வேர் அறுபடாமல் ஓரங்களைக் கரைத்துவிடுங்கள். செம்மண், மக்கிய எரு, மணல் மூன்றும் சமமாகக் கலந்து நடுங்கள். அடித்துளையில் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் துளை அடைபடாது. அடித்தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அதன்பின் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கடிகாரம் பார்த்து ஊற்ற வேண்டாம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அம்மா, எங்கள் தெருவில் எல்லாருக்கும் போர்த் தண்ணீர்தான். மல்லிகை, செம்பருத்தி எல்லாவற்றிலும் இலை ஓரம் தீய்ந்ததுபோல் கருகுகிறது. சத்துக் குறைவென்று நினைத்து அடுப்புச் சாம்பல் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது.

மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உப்பு. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உள்ளே ஏறுகிறது. கடலூரிலும் புதுவையிலும் கரையை ஒட்டிய கிணறுகளுக்கு இது பழகிய துன்பம். சாம்பலில் உப்பும் காரமும் சேர்ந்தே இருப்பதால் உவர்மண்ணுக்கு அது ஆகவே ஆகாது.

உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது பெரிய தவறு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதற்குப் பதிலாக இடைவெளி விட்டு, அடித்துளை வழியே நன்றாக ஓடி வெளியேறும்வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிகளை மழையில் நனையவிட்டால் வானமே உப்பைக் கழுவிக் கொடுக்கும். கூரையிலிருந்து விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், கோடையில் நாற்றுகளுக்கு உதவும். மண்ணோடு கலக்கக் கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டி வாங்கினால் அதிலும் உப்பு இருக்கலாம். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்து கழுவிய பிறகே கலக்க வேண்டும்.

பீன்ஸும் வெங்காயமும் உப்பைத் தாங்காதவை. அவற்றோடு போராடாதீர்கள். தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி, அக்கா. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தேன். சில பூச்சிகள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, வேகமாக ஓடின. அவற்றைத் தேடித் தேடி நசுக்கினேன். ஆனாலும் பத்தே நாளில் பூச்சி இரண்டு மடங்காகிவிட்டது.

இந்தக் கடிதத்தை வாசித்து மிகவும் வருந்தினேன். நீங்கள் தேடித் தேடி நசுக்கியது உங்கள் காவல்காரனை.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு, மாவுப்பூச்சியைப் போலவே உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். கூட்டத்தில் அடையாளம் காண்பது கடினம். ஆனால் உருவத்தில் பெரியது, இழைகள் நீளம், நடை வேகம். மாவுப்பூச்சி இருந்த இடத்தைவிட்டு அவ்வளவாக நகராது. சுறுசுறுப்பாக ஓடுவதை விட்டுவிடுங்கள்.

2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழகமெங்கும் அழித்தபோது மருந்துகள் கைகொடுக்கவில்லை. 2010-இல் விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. எதை நசுக்குகிறோம் என்று பார்த்து நசுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பின் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடலாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று மிளகாய்ச் செடிக்குச் சற்றுத் தாராளமாகவே தெளித்தேன். இலையெல்லாம் பொரிந்துவிட்டது.

எத்தனை மணிக்குத் தெளித்தீர்கள் என்று எழுதவில்லை, வெயிலில்தான் என்று நினைக்கிறேன். இயற்கையானது என்பதால் அளவு வேண்டாம் என்றில்லை தம்பி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். எண்ணெயை நேரே தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும், கடைசியில் தெளிப்பானிலிருந்து வெறும் எண்ணெயே வரும். முதலில் எண்ணெயில் சில சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டுப் பால்போல வரும்வரை கலக்கி, பிறகு தண்ணீரைச் சேருங்கள். வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் காத்திருங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: எங்கள் வீட்டு மாட்டுச் சாணத்தை அன்றன்றே கத்தரிக்குப் போட்டு வந்தேன் அம்மா. திடீரென்று செடிகள் சாய்கின்றன. தோண்டினால் விரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கிறது.

பச்சைச் சாணம் மக்கும்போது சூடேறும், அதிலிருந்து வரும் அம்மோனியா இளவேரைச் சுடும். வண்டுகள் அதைத் தேடி வந்து முட்டையிடும். நீங்கள் பார்த்தது அந்த வண்டின் புழு. எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுவும் வளரும், அது பின்னால் வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும். வீட்டில் தென்னை இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சாணத்தைக் குவித்து மூன்று நான்கு மாதம் மக்கவிடுங்கள், இடையிடையே புரட்டிப் புழுவைப் பொறுக்கி எடுங்கள், கோழிகள் ஆவலோடு தின்னும். சாண வாடை போய், சூடு தணிந்து, கையில் அள்ளினால் தேயிலைத்தூள்போல உதிர வேண்டும். அப்போதுதான் அது எரு. மாடு வைத்திருப்பது பெரும் பேறு, கொஞ்சம் பொறுத்துப் பயன்படுத்துங்கள்.

பாகூரிலிருந்து: சுரைக்காய்ப் பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி விழுகிறது.

மகரந்தம் சேரவில்லை. சுரைப் பூ மாலையில் விரியும், நாம் பார்க்கும் காலையில் வாடியிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் ஆண்பூ ஒன்றைப் பறித்து, அடியில் பிஞ்சுள்ள பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்கு இதையே விடியற்காலையில் செய்ய வேண்டும். பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் புள்ளி இருந்து உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ. விழுந்த பிஞ்சுகளை ஆழமாகப் புதைத்துவிடுங்கள், மிச்சக் காய்களுக்குக் காகித உறை போடுங்கள்.

வில்லியனூரிலிருந்து: முருங்கை ஆள் உயரம் தாண்டித் தழைத்து நிற்கிறது, பூவே இல்லை.

தண்ணீரையும் எருவையும் நிறுத்துங்கள். செழித்து வளர எல்லாம் கிடைக்கும்போது பூக்க வேண்டிய அவசரம் முருங்கைக்கு இல்லை. அடுத்த கன்றை முழங்காலுக்கு மேல், 75 சென்டிமீட்டர் உயரத்திலேயே நுனி கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளைகள் வரும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: ஐப்பசியில் மழை ஈரம் இருக்கிறதே என்று தக்காளி, கத்தரி விதைத்தேன். முளைத்த நாற்றெல்லாம் இரண்டே நாளில் அடித்தண்டு நைந்து படுத்துவிட்டது.

அது நாற்றழுகல், மண்ணில் வாழும் பூஞ்சையின் வேலை. நம் கடலோரத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள், அடைமழை வருமுன் செடி வேரூன்றிவிட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆடியைத் தவறவிட்டால் தை வரை பொறுங்கள். அப்படியும் மழையில் விதைத்தே ஆகவேண்டுமானால் தாழ்வாரத்தில், நாற்றுத்தட்டில், அடர்த்தியில்லாமல் விதையுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலப்பார்கள். வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

அரியாங்குப்பத்திலிருந்து: ஃபெஞ்சல் புயலில் மாடித் தோட்டத்தில் பாதி போய்விட்டது, அக்கா. அடுத்த முறை அறிவிப்பு வந்தால் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

முதலில் நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள். இதை நான் கற்றது 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய விடியற்காலையில். செடியைக் காக்கும் என்று நம்பி வலையை விட்டுவைத்திருந்தேன். காற்று அதைப் பாய்மரமாக ஊதி, இரும்புக் குழாய்களோடு பிடுங்கி, 40 தொட்டிகளின் மேல் சாய்த்தது. மழையில் செத்த செடிகளைவிட அந்தக் குழாய்கள் உடைத்தவை அதிகம்.

அடுத்து, உயரமான தொட்டிகளைப் படுக்கவைத்து, கைப்பிடிச் சுவரின் ஓரமாக ஒன்றையொன்று அணைத்தாற்போல நெருக்குங்கள். பந்தலில் உள்ள காய்களைப் பறித்துவிடுங்கள், பாரம் குறையும். கொல்லை முருங்கையின் தலையை வெட்டிவிடுங்கள், அது தானே துளிர்க்கும். வெட்டாமல் விட்டால் அடியோடு முறியும்.

புயல் கடந்ததும் உப்புக்காற்று படிந்த இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சாய்ந்த மரத்தை மண் ஈரமாக இருக்கும்போதே, ஓரிரு நாளுக்குள் நிமிர்த்துங்கள். அதுவரை வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். பாவம் என்று உடனே உரம் போட வேண்டாம், புது வேர் விட்டுத் துளிர் தெரிந்த பிறகு போதும்.

மாடியின் மழைநீர்க் குழாய் வாயையும் மறக்காதீர்கள். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு கரையேறியபோது புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. என் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இருட்டில் குனிந்து கையால் துழாவினேன். சருகு ஒரு கொத்தும், கிழிந்த பை ஒன்றும் குழாயை அடைத்திருந்தன. உருவி எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது புரட்டாசி பிறந்ததும் அந்த வாயில் ஒரு கம்பிவலை வைத்துவிடுகிறேன், வாரம் ஒரு முறை சருகை எடுத்துவிடுகிறேன்.