தோணியைக் கொடுத்துவிட்ட அப்பா

கேள்வி: எனக்கு 20 வயது. ஊர் காரைதீவு. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தேன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பீடத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. எனக்கோ உளவியல் படிக்க ஆசை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அப்பா சுனாமியில் தன் தங்கையை இழந்தவர். இந்த வருடம் யாரோடும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதும் இல்லை. உளவியல் படித்தால் நானே அவரைக் குணமாக்கலாம். அவர் தோணியையும் வலையையும் மாமாவுக்குச் சும்மா கொடுத்துவிட்டதால் வீட்டில் வருமானம் குறைவு. அம்மா நகையை ஈடு வைக்கத் தயார். எதைப் படிக்கட்டும்?

பதில்: மகள், ஒலுவிலா கொழும்பா என்பதைப் பிறகு பேசுவோம். காசுக் கணக்குக்கு நடுவில் ஒரு விஷயத்தை எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கடலில் உழைத்த மனிதர் தோணியையும் வலையையும் ஏன் சும்மா கொடுக்கிறார்? விற்றிருந்தால் கடன் தொல்லை என்று நினைக்கலாம். பேச்சை நிறுத்தியவர், தூக்கத்தை இழந்தவர், இப்போது தொழிலையும் கையளித்துவிட்டார். உயிரை விடும் யோசனையில் இருப்பவர்கள் தங்கள் பொருள்களை இப்படி ஒவ்வொருவருக்காகக் கொடுத்துவிடுவதுண்டு. உங்கள் அப்பா அந்த யோசனையில் இல்லாமலும் இருக்கலாம். அதை வீட்டுக்குள் இருந்து ஊகிக்கக் கூடாது. வலையை வாங்கிக்கொண்ட மாமா, “ஏன் மச்சான் தாறீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டாரா? தருவதை வாங்கிக்கொண்டு போவதற்குப் பெயர் உறவு இல்லை.

இன்றைக்கே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, சாகிற எண்ணம் ஏதும் வருதா?” என்று நேரே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பிழை. ஓம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் எடுத்துவிட்டு, உடனே கல்முனை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்றாலும் இந்தக் கிழமைக்குள் மனநல வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். நடு இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

“நானே குணமாக்கலாம்” என்ற வரியைப் படித்தபோது கோபம் வந்தது. மூன்று வருடம் அப்பா காத்திருப்பாரா? மூன்று வருடம் முடிந்தாலும் உங்களால் அவருக்கு வைத்தியம் செய்ய முடியாது. உளவியல் பட்டம் என்பது நினைவு, கற்றல், ஆளுமை, பிள்ளை வளர்ச்சி, ஆய்வு முறை, நிறையப் புள்ளிவிபரவியல். நோயாளியைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு அதன் பிறகு முதுநிலைப் பயிற்சி வேண்டும், இலங்கை மருத்துவ சபையில் பதிவும் வேண்டும். மருந்து எழுதுவது மனநல வைத்தியரின் வேலை. இத்தனையும் முடித்தவர்கூடச் சொந்த அப்பாவைத் தன் நோயாளியாக எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. மகளாக உங்கள் கடமை அவரைக் கூட்டிப்போய்க் காட்டுவது, மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று பார்ப்பது, பக்கத்தில் இருப்பது. இதற்குப் பட்டம் தேவையில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். உளவியலுக்கு நீங்கள் சொன்ன ஒரே காரணம் அப்பா. அவரை வைத்தியர் பார்க்கத் தொடங்கிய பிறகும் அந்த ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியல் சிறப்புப் பட்டம் உண்டு. அது அரச பல்கலைக்கழகம். அதை விசாரிக்காமல், கொழும்பு நிறுவனம் தரும் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்றும் கேட்காமல், அம்மாவின் நகையில் கை வைக்காதீர்கள். பிள்ளையின் படிப்புக்கு நகை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. உழைப்பு நின்ற வீட்டில் அவசரத்துக்கு இருக்கும் கடைசிப் பொருள் அது.

ஏ எடுத்த பாடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட நீங்கள் எழுதாதது எனக்கு வருத்தம். அரசியல் விஞ்ஞானம் தேர்தல் மேடைப் பேச்சு இல்லை. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த இந்த நாட்டில் 1972இலும் 1978இலும் அரசியலமைப்பு ஏன் மாறியது? 1987இல் 13ஆம் திருத்தத்தோடு வந்த மாகாண சபைகளுக்கு உண்மையில் என்ன அதிகாரம்? 2017இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு வருடக்கணக்காகத் தேர்தல் நடக்காமல் போனது எப்படி? அம்பாறை மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இவை வீட்டு வாசலில் கிடக்கும் கேள்விகள். ஒலுவிலில் இந்தப் பாடத்துக்குத் தனித் துறை இருக்கிறது, படிப்புக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே போய்வரும் தூரம். பட்டத்தோடு நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சையும் எழுதலாம். அப்புறம், இந்த வருடம் உங்கள் அம்மாவைத் தனியே விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவுக்குரிய கடைசித் திகதியைக் கடிதத்தில் பாருங்கள். தவறவிட்டால் இடம் போய்விடும். பதிவு நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தால் நீங்கள் ஒலுவிலுக்குப் போங்கள். அப்பாவோடு கிளினிக்குக்கு மாமா போகட்டும். தோணியை வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பும் இருக்கிறது என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.