அரசு செலவழித்தால் பொருளாதாரம் வளருமா? கேள்வி பதில்

கேள்வி: சார், அரசு 100 கோடி செலவழித்தால் நாட்டின் வருமானமும் 100 கோடி கூடுமா?

பதில்: அதைவிட அதிகமாகவும் கூடலாம், குறைவாகவும் கூடலாம். ஒரு பாலம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். கம்பி கட்டுகிறவர் வாங்கும் கூலியில் பத்தில் எட்டுப் பங்கைச் செலவழிக்கிறார். அது கடைக்காரருக்கு வருமானம். அவரும் அதில் பத்தில் எட்டைச் செலவழிக்கிறார். 100, 80, 64 என்று ஓடி, எல்லாவற்றையும் கூட்டினால் காகிதக் கணக்கில் 500 வரை போகும். செலவு இப்படி எத்தனை மடங்கு வருமானமாகிறது என்பதற்குப் பெயர் பெருக்கி; இங்கே அது ஐந்து. நிஜத்தில் அவ்வளவு வராது. வரி பிடிப்பார்கள், இறக்குமதிக்குக் கொஞ்சம் வெளியே போய்விடும். நிறைய ஆய்வுகளில் பெருக்கி அரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில்தான் நிற்கிறது.

கேள்வி: ஒன்றுக்கு மேல் கிடைக்குமென்றால் செலவழித்துக்கொண்டே இருக்கலாமே?

பதில்: அந்தக் கம்பி கட்டுகிறவர் வேலையில்லாமல் இருந்தவரா, வேறு வேலையிலிருந்து இழுக்கப்பட்டவரா? அதைக் கேளுங்கள். மந்த காலத்தில் ஆளும் இயந்திரமும் சும்மா கிடக்கும். அப்போது செலவு உற்பத்தியாக மாறும். 1936-இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் சொன்னதன் சாரமும் ஏறக்குறைய இதுதான். எல்லோருக்கும் வேலை இருக்கும்போது அதே பாலத்தைக் கட்டினால், தனியார் கட்டுமானத்தோடு ஆளுக்கும் சிமென்ட்டுக்கும் மல்லுக்கட்ட வேண்டிவரும். விலை ஏறும், வட்டியும் ஏறும்.

கேள்வி: ஓய்வூதியம், உதவித்தொகை எல்லாம் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில், சேருமா?

பதில்: நேரடியாகச் சேராது. அது கைமாறும் பணம். வாங்கியவர் பொருள் வாங்கும்போதுதான் கணக்கில் ஏறும்.

கேள்வி: ஐயா, செலவைக் குறைத்தால் கடன் சுமை குறையும்தானே?

பதில்: கிரீஸில் குறையவில்லை. 2010-க்குப் பிறகு செலவை வெட்டினார்கள், வரியையும் ஏற்றினார்கள். 2008-க்கும் 2013-க்கும் இடையில் பொருளாதாரம் ஏறத்தாழ கால்வாசி சுருங்கியது. வருமானமே சுருங்கினால் அதோடு ஒப்பிட்ட கடன் விகிதம் எங்கே இறங்கும்? அந்தச் சமயத்தில் வளர்ச்சியைக் கணித்தவர்கள் பெருக்கியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று ஐஎம்எஃப் எனும் பன்னாட்டு நிதியத்தின் பொருளாதார வல்லுநர்களே 2013-இல் எழுதினார்கள். தப்பை ஒப்புக்கொள்வது எங்கள் துறையில் அபூர்வம், அதனால் சொல்கிறேன்.

கேள்வி: அப்புறம் ஜப்பான்? 1990-களில் அவ்வளவு சாலை, பாலம் கட்டியும் ஏன் வளரவில்லை?

பதில்: ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களிலும் கட்டினார்கள். கட்டும்வரை கூலி ஓடியது, கட்டிய பிறகு அதில் போக வண்டி இல்லை. ஆனால் கட்டாமலே விட்டிருந்தால் இன்னும் மோசமாக விழுந்திருக்கும் என்பது என் கட்சி. கொஞ்சம் தலைதூக்கிய நேரத்தில், 1997-இல், நுகர்வு வரியை 3 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியதையும் மறந்துவிட்டுப் பாலத்தை மட்டும் திட்டுகிறார்கள்.