கையெழுத்து யார் போடுவது?

கேள்வி: ‘அரசு போனை ஒட்டுக் கேட்கிறது, அந்தரங்கம் போச்சு’ என்று சிலர் கூச்சல் போடுகிறார்கள். 1998 குண்டுவெடிப்பையும் 2022 கார் வெடிப்பையும் பார்த்த கோவைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். “கேட்டுக்கொள்ளட்டுமே” என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: 1998 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய குண்டுவெடிப்புகளில் கோவையில் 58 உயிர்கள் போயின. 2022-ல் தீபாவளிக்கு முந்தின நாள் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்தது. அந்தப் பயம் நியாயமானது. குண்டு வைக்கத் திட்டம் போடுகிறவனின் போனைப் போலீஸ் கேட்கத்தான் வேண்டும். இதுவரை உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. யாருடைய போனைக் கேட்கலாம் என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் நான் உங்களை விட்டு விலகுகிறேன்.

முதலில் அந்த மடிக் கனத்தைப் பார்ப்போம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு ரூபாய் கணக்குக்கூடத் தெரியாது. அதற்காக அது திருட்டு மாடு என்று யாராவது சொல்கிறோமா? விலை அந்த இரண்டு பேர் சமாச்சாரம், அவ்வளவுதான். உங்கள் ஊரில் விசைத்தறி வைத்திருப்பவர் கூலிப் பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் ராத்திரி சங்கத்துக்காரரிடம் போனில் பேசுகிறார். மகளுக்கு வரன் பார்ப்பவர் மனசில் இருப்பதைத் தங்கையிடம் மட்டும் சொல்கிறார். எதுவும் குற்றமில்லை. ஆனால் மூன்றாவது ஆளின் காதுக்குப் போகக் கூடாது. நியாயமாக வாழ்கிறவர் மடியிலும் கனம் உண்டு.

அடுத்து, பெரும்பாலோர் ஆதரவு. அமெரிக்காவில் புஷ் அரசு நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஒட்டுக் கேட்டது 2005 டிசம்பரில் வெளியே வந்தது. அவசரமென்றால் முதலில் கேட்டுவிட்டு 72 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அங்கே சட்டமே இருந்தது. அதைக்கூடச் செய்யவில்லை. 2006 கருத்துக்கணிப்பில் புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர்களில் 75 சதவீதம் பேர் இது சரி என்றார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 37 சதவீதம்தான். 2013-ல் அமெரிக்க உளவு அமைப்பு மக்களின் தொடர்புகளைக் கண்காணிப்பதை, அங்கே வேலை பார்த்த ஸ்னோடென் அம்பலப்படுத்தியபோது ஆட்சியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா. பியூ ஆய்வு மையமும் வாஷிங்டன் போஸ்ட்டும் எடுத்த கணிப்பில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 64 சதவீதத்துக்கு ஏறினார்கள், குடியரசுக் கட்சிக்காரர்கள் 52-க்கு இறங்கினார்கள். கேட்ட கேள்வியின் வாசகம் கொஞ்சம் மாறியிருந்தது, சரி. ஆனாலும் மக்கள் ஆதரவு நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து வந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. நம்ம ஆள் கேட்டால் பாதுகாப்பு, எதிராளி கேட்டால் அராஜகம். இங்கே மட்டும் வேறா இருக்கும்?

இங்கே நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் மீறுவதற்காவது ஒரு நீதிமன்றம் இருந்தது. நம் நாட்டில் ஒட்டுக் கேட்க நீதிபதியிடம் போகவே வேண்டாம். உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். சரிபார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு; அதில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்கள்தான். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் போடுவதாக 2013-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. குழு கூடுவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரே கூட்டத்தில் 15,000, 18,000 உத்தரவுகளைப் பார்ப்பது நடக்காத காரியம் என்று, தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-லேயே எழுதிவிட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் போட்ட ஒட்டுக் கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிக்கவென்று ரகசியமாகக் கேட்க முடியாது என்பது தீர்ப்பு. அந்த உத்தரவு மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கே போகவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. உத்தரவு போட்டதற்கும் ரத்தானதற்கும் இடையில் ஏறக்குறைய பதினான்கு வருஷம். வழக்கு நடத்த வசதி இருந்தவருக்கே இந்தக் கதி.

கொங்கு விவசாயிக்கு? 2013-ல் கெயில் எரிவாயுக் குழாயை விளைநிலத்தில் பதிக்க வந்தபோது மேற்கு மாவட்டங்களில் எதிர்த்து நின்றவர்கள், அப்புறம் உயர்மின் கோபுரத்துக்கு எதிராக உட்கார்ந்தவர்கள், எல்லோரும் நம் சொந்தபந்தம். ‘பொதுப் பாதுகாப்பு’ என்று ஓர் அதிகாரி எழுதி இன்னோர் அதிகாரி கையெழுத்துப் போட்டால், ஊர்க்கூட்டம் எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்கு என்பது முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப் போட்டார்களா இல்லையா என்பது அவர்களுக்கு என்றைக்கும் தெரியாது. ஒட்டுக் கேட்கப்பட்டவருக்குப் பிறகாவது சொல்ல வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை.

1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோது இதைத் திருத்தியிருக்கலாம். எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 140-க்கும் மேற்பட்டோர் சஸ்பெண்ட் ஆகியிருந்த வாரத்தில் அது நிறைவேறியது. அடுத்த வருஷம் வந்த விதிகளிலும் அதே உள்துறைச் செயலாளர், அதே செயலாளர்கள் குழு.

நீதிபதி ஒப்புதல் வேண்டும். விசாரணை முடிந்த பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் கேட்டால் கூச்சல் என்று தள்ளிவிடுவார்கள். 1998-ஐ மறக்காத நீங்கள் கேட்டால் அப்படித் தள்ள முடியாது.