வாசலில் கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2025 ஜனவரியில், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என்று சொல்லி இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஆல்பத்தில் குழந்தைகளின் படங்களைக் காட்டினார்கள். மனசு கேட்காமல் 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவின் கீழ் ரசீது தந்தார்கள், பான் கார்டு நகலும் வாங்கிக்கொண்டார்கள். வரிச் சான்றிதழ் கூரியரில் வரும் என்றார்கள். வரவில்லை. போன் செய்தால் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் கூரியர் தம்பிகள் எல்லாவற்றையும் மீட்டர் பெட்டி மேல் போட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். சான்றிதழை மறுபடி எப்படி வாங்குவது?
— வாசகி, சேலையூர்

ஆடிட்டர் பதில்: மீட்டர் பெட்டிப் பக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்தாலும் இந்த 5,000 ரூபாய்க்குச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80ஜி கழிவு இல்லை என்பது 2017-18 நிதியாண்டிலிருந்து உள்ள சட்டம். செக், யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் என்றால் வேறு கதை.

‘அப்படியானால் முதல் 2,000 ரூபாய்க்காவது கிடைக்குமே’ என்று என்னிடம் வாதாடாதவர்கள் குறைவு. கிடைக்காது. சரியாக 2,000 ரொக்கம் என்றால் உண்டு. 2,100 கொடுத்தீர்கள் என்றால் அந்த நூறு மட்டும் அடிபடாது, மொத்தமும் அடிபடும். வசூலுக்கு வருகிறவர்களுக்கு இது அத்துப்படி. “2,000, 2,000, 1,000னு மூணு தேதி போட்டு ரசீது தர்றோம் மேடம்” என்பார்கள். வாங்காதீர்கள். நீங்கள் பணமே கொடுக்காத தேதிக்கு ரசீது அது. எழுதித் தந்தவரை அப்புறம் பிடிக்க முடியாது. வருமான வரி ரிட்டர்னில் இருப்பது உங்கள் பெயர்.

செக்கில் கொடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இதுபோன்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதிதான் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். அதாவது 2,500. நீங்கள் 20 சதவீத வரி கட்டுபவர் என்றால் வரி மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்து 520 ரூபாய் மிச்சம். அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். புதிய முறையில் 80ஜி கிடையாது.

கூரியரில் வரும் என்ற பேச்சே எனக்கு உறுத்துகிறது. நீங்கள் கேட்கும் சான்றிதழின் பெயர் 10பிஇ. அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் தளத்தில் ஏற்றினால், அங்கிருந்தே இறக்கிக்கொள்ளும் கோப்பு அது. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் தந்துவிட வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் மின்னஞ்சலில் அனுப்பலாம். தொலைந்துபோக அதில் என்ன இருக்கிறது? அனுப்ப மறுக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் பட்டியலில் உங்கள் பெயரை ஏற்றியிருக்க மாட்டார்கள்.

அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று ஒரு எண் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்த எண்தான் அது. பத்திரமும் கட்டணமும் சரியாக இருந்தால் யாருக்கும் பதிந்து தருவார்கள். குழந்தைகள் இருக்கிறார்களா, சோறு போடுகிறார்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 80ஜி அனுமதி எண் வேறு, அதற்குக் காலாவதியும் உண்டு. வருமான வரித் தளத்தில் சரிபார்க்கலாம் என்று துறை பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலைத் தேடி எடுப்பதற்குள் எனக்கே போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் என்ன செய்வார்கள்? குழந்தைகள் இல்லம் என்றால் சிறார் நீதிச் சட்டப்படி தனிப்பதிவு கட்டாயம். அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் படியிறங்கிவிடுவார்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

வாசலுக்கு வருபவர் பல நேரம் இல்லத்தின் ஊழியரே அல்ல, வசூலில் பங்குக்கு வேலை செய்பவர். அவரைவிட மோசமான ஓர் ஆள் உண்டு: ‘ஐம்பதாயிரத்துக்கு செக் கொடுங்க, கமிஷன் போக மீதியை ரொக்கமாத் திருப்பித் தர்றோம், சான்றிதழும் உண்டு’ என்று வரும் புரோக்கர். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது இப்படிப்பட்ட போலிக் கழிவுகளுக்காகத்தான். அதில் சிக்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது, பிரிவுகளில் 80ஜியும் இருந்தது. சான்றிதழுக்காக அலையும்போது இவர்களிடம் போய் விழுந்துவிடாதீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த பான் நகல். நன்கொடையாளரின் பான் எண்ணை அவர்கள் கேட்பது முறைதான், எண்ணைச் சொன்னால் போதும். நகலைக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் போன்ற கிரெடிட் நிறுவனங்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். இனி நகல் கொடுத்தால் குறுக்கே கோடிட்டு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

கூரியர்காரர்களைத் திருத்துவது என் கையில் இல்லை. செக் புக்கும் ஏடிஎம் கார்டும் அதே மீட்டர் பெட்டி மேல்தானே வந்து விழுகின்றன? சங்கச் செயலாளரிடம் சொல்லி வீட்டுக்கு ஒன்றாகப் பூட்டுப் போட்ட தபால் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். இந்த 5,000 ரூபாயை ரிட்டர்னில் காட்ட வேண்டாம்.