'மாட்டேன், போ'

அன்புள்ள ஐயா,

என் மகள் வழிப் பேரனுக்கு மூன்றரை வயது. பெற்றோர் வேலைக்குப் போவதால் காலை 8 மணியிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். குளிக்கக் கூப்பிட்டால் 'மாட்டேன், போ' என்கிறான். போனை வாங்கினால் தரையில் புரள்கிறான். பூச்சாண்டி வருவான் என்றால் மட்டும் கேட்கிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்பது மகளின் குறை. என்ன செய்வது?

ஒரு தாத்தா, திருநெல்வேலி

அன்புள்ள தாத்தாவுக்கு,

பூச்சாண்டியை முதலில் நிறுத்துங்கள். பகலில் வேலையை முடித்துக் கொடுப்பவன் ராத்திரி இருட்டில் நிற்பான். பிறகு பிள்ளை தனியாகக் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டான். போலீஸையும் சேர்க்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் அவன் போய் நிற்க வேண்டியது அவரிடம்தான்.

உங்கள் பேரன் மறுப்பது குளியலை அல்ல, போனில் பார்ப்பதைப் பாதியில் விட்டு எழுந்து வருவதை. அதனால் வேலை கூப்பிடுவதற்கு முன்பே தொடங்குகிறது. அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்பது அந்த வயதுக்குப் புரியாது. 'இந்தப் பாட்டு முடிஞ்சதும் குளியல்' என்றால் புரியும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாட்டு முடியவே முடியாது. முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அவனே அழுத்தட்டும்.

'குளிக்கலாமா கண்ணா?' என்று கேட்காதீர்கள். கேட்டால் 'மாட்டேன்' என்பதும் ஒரு பதில்தானே. குளியல் உண்டு என்பதை முடிவாகச் சொல்லிவிட்டு, 'சிவப்புக் கப்பா, நீலக் கப்பா?' என்பதை அவனிடம் விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். 'போனை வெச்சிட்டு, சட்டையைக் கழட்டிட்டு, பாத்ரூமுக்கு வா' என்பது மூன்று. சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஐந்து முறை சொல்லி ஐந்தாவதில் கத்தினால், முதல் நான்கும் கணக்கில் இல்லை என்று கற்றுக்கொள்வான்.

இன்னொன்று, ஷாம்பு கண்ணில் எரிவதால்கூட இருக்கலாம். நெற்றியில் மடித்த துண்டை அவனையே பிடிக்கச் சொல்லி, முகத்தை மேலே பார்க்கவைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பசியோடும் கூப்பிடாதீர்கள், முன்னால் அரை வாழைப்பழம் போதும்.

புரண்டால் இடிபடும் சாமான்களை நகர்த்திவிட்டு ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். 'கோபமா இருக்கு உனக்கு. போன் இப்பக் கிடையாது.' இவ்வளவுதான் பேச்சு. உபதேசம் அப்போது காதில் ஏறாது. பத்தாவது நிமிடம் போனைக் கொடுத்தால், போனின் விலை பத்து நிமிட அழுகை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். முதல் சில நாட்கள் அழுகை கூடும், அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். இந்த வயதுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதற்குள் நிறுத்தினால் சண்டையும் குறையும்.

செல்லம் இருக்கட்டும். மகளோடு பேசி மூன்று விதிகளை மட்டும் முடிவு செய்யுங்கள்: போன் நேரம், ரோட்டில் கை பிடிப்பது, அடிக்கக் கூடாது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் போட்டுக்கொண்டு போகட்டும். ஆச்சியிடமும் சொல்லிவைக்க வேண்டும். தாத்தா இல்லை என்றதை ஆச்சி முந்தானைக்குள் வைத்துக் கொடுத்தால் அந்த வாரம் வீண்.

போன் கையில் இல்லாதபோதும், பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். பல முறை திரும்பவில்லை என்றால் அது அடமாக இல்லாமலும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காதைச் சோதித்துவிடுங்கள்.