புண் ஆறியது லேகியத்தால் அல்ல

கேள்வி: பாம்பனில் விசைப்படகுத் தொழிலாளி நான், வயது 29. மூன்று மாதம் முன்பு ஆணுறுப்பில் வலியில்லாத புண் வந்தது. வாட்ஸ்அப்பில் பேசிய ‘டாக்டர்’ 48 நாள் லேகியத்தை 6,800 ரூபாய்க்குக் கூரியரில் அனுப்பினார். புண் ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையில் செம்புள்ளிகள். “நஞ்சு வெளியேறுகிறது, இன்னொரு கோர்ஸ் எடுங்கள்” என்கிறார். மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். என்ன செய்வது?

பதில்: பணம் கட்டாதீர்கள். வலியில்லாத புண், பிறகு உள்ளங்கையில் புள்ளி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிபிலிஸ் என்ற பால்வினை நோய், ஊரில் மேகப்புண் என்பது. அந்தப் புண் மருந்தே இல்லாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறும். கிருமி மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும். விற்பவர்களுக்குத் தோதாக இருப்பது இதுதான். ஒரு மண்டலம் முடியும்போது புண் இருக்காது. பெயர் லேகியத்துக்குப் போகும். இந்தப் புள்ளிகளும் சில வாரத்தில் தானாக மறையும். இரண்டாவது கோர்ஸுக்கும் அதே பெயர்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முறையான சித்த மருந்தில் உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, சேர்மானம் எல்லாம் அச்சாகியிருக்கும். எதுவும் இல்லையென்றால் உள்ளே ஸ்டீராய்டா பாதரசமா என்று யாரும் சொல்ல முடியாது. எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உறுப்பின் புகைப்படம் கேட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள். நாளைக்கு அதை வைத்தே மிரட்டலாம். பால்வினை நோய்க்கு மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். சிம்மை மாற்றி மறுநாளே கடை விரிப்பவர்களுக்கு இது ஒரு தண்டனையா?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவைக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் முதலில் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். சிபிலிஸுக்கான ஆர்பிஆர் ரத்தப் பரிசோதனையோடு நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிபிலிஸ் என்று உறுதியானால் உங்கள் கட்டத்துக்கு ஒரே தடவை, பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பெரும்பாலும் இரு பிட்டத்திலும் பாதி பாதியாக. பால்போலக் குழைந்த மருந்து. கலக்கியதும் போடாவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும். அலர்ஜிக்குப் பயந்து “பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று தள்ளிவிடும் இடங்கள் உண்டு. ஒரு ஊசிக்காகக் கடல்தொழிலாளியை ஒருநாள் சம்பாத்தியத்தை விட்டு அலையவைப்பது அநியாயம். ஆனாலும் மாத்திரை போதும் என்று திரும்பிவிடாதீர்கள். ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல், உடல்வலி வரலாம். கிருமி சாவதால் வருவது, ஒருநாளில் போகும்.

ஆர்பிஆர் தாளில் 1:32 போன்ற எண் இருக்கும். அது ஆறு மாதம், ஒரு வருடத்தில் நான்கில் ஒரு பங்காக, அதாவது 1:32 என்றால் 1:8க்கோ கீழேயோ, இறங்கினால் சிகிச்சை பலித்தது. டிபிஎச்ஏ என்ற இன்னொரு சிபிலிஸ் சோதனை குணமான பிறகும் பெரும்பாலும் பாசிட்டிவாகவே நிற்கும். அதைக் காட்டி ‘நோய் போகவில்லை’ என்று மறுபடி விற்பார்கள்.

இனி உங்கள் மனைவி. அவரிடம் சொல்லியே ஆக வேண்டும், தம்பி. கர்ப்பத் தொடக்கத்தில் எடுத்த சிபிலிஸ் சோதனை ரிசல்ட் நெகட்டிவ் என்றாலும் அது செல்லாது, அதன்பிறகு தொற்றியிருக்கலாம். உங்களுக்கு உறுதியானால், அவர் ரிசல்ட் எப்படி இருந்தாலும் அவருக்கும் ஊசி வேண்டும். பென்சிலின் ஒவ்வாத ஆணுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இரண்டு, 14 நாள் கொடுக்கலாம். கர்ப்பிணிக்கு அது கூடாது. அசித்ரோமைசின் மாத்திரை குழந்தையைப் போதிய அளவு போய்ச் சேராது. அலர்ஜி இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்த்து, துளித்துளியாகப் பழக்கி, பென்சிலினே கொடுக்க வேண்டும். இதை விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். ஊசிக்குப்பின் வயிறு இறுகினாலோ அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிரசவத்துக்கு 30 நாள் முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருவருக்கும் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம். போகும்போது அவருடைய கர்ப்பிணி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.