என் தேங்காயா, என் இளநீரா? ஆஸ்திரோனேசிய மொழிகளில் உடைமை: கேள்வி பதில்

கேள்வி: நன்னூலில் படித்த தற்கிழமை (‘என் கை’ போல உடையவரோடு ஒன்றியது), பிறிதின் கிழமை (‘என் குடை’ போலப் பிரிந்து நிற்பது) என்ற பாகுபாடு, மலாய் முதல் ஃபிஜி, மாவோரி வரை பரந்த ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்திலும் உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: பசிபிக் தீவு மொழிகள் பலவற்றில் உண்டு. மலாயிலும் பிலிப்பைன்ஸின் தகாலோகிலும் தேடாதீர்கள். தமிழில் ‘என் கை’, ‘என் குடை’ இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. நன்னூல் பொருளை வைத்துத்தான் பிரிக்கிறது. ஃபிஜி மொழியில் வடிவமே மாறும். உடலுறுப்புக்கும் உறவுக்கும் விகுதி பெயரோடு ஒட்டும். ‘உலு’ என்றால் தலை: உலுங்கு (என் தலை), உலுமு (உன் தலை), உலுனா (அவர் தலை). ‘தம’ என்றால் தந்தை: தமங்கு, தமமு, தமனா. வீடு போன்றவற்றுக்குத் தனிச்சொல் முன்னே வரவேண்டும்: நோங்கு வலே (என் வீடு). ‘நோங்கு தம’ என்று தொடங்குவது புதிதாகப் படிப்பவர்களின் முதல் தவறு. ஒன்று நமக்கு வசதி. ஃபிஜியர் ரோமன் எழுத்தில் ‘கியூ’ என எழுதுவதன் ஒலி நம் ‘ங்க’வேதான்.

கேள்வி: ஃபிஜி மொழியில் சாப்பாட்டுக்குத் தனி ‘என்’, குடிப்பதற்குத் தனி ‘என்’ என்கிறார்கள். எந்தச் சொல் எந்த வகை என்று பட்டியல் கிடைக்குமா?

பதில்: பட்டியலை மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். வகை சொல்லுக்கு உரியதல்ல, அந்தப் பொருளோடு உங்களுக்கு உள்ள தொடர்புக்கு உரியது. ‘நியு’ என்பது தேங்காய். ‘கெமு நியு’ என்றால் நீ தின்னப்போகும் தேங்காய். ‘மெமு நியு’ என்றால் நீ குடிக்கப்போவது, அதாவது இளநீர். விற்பதற்குக் குவித்து வைத்திருந்தால் ‘நோமு நியு’. நாம் இரண்டு பெயர்ச்சொல் வைத்துச் செய்யும் வேலையை அவர்கள் ‘உன்’ என்ற சொல்லை மாற்றியே முடித்துவிடுகிறார்கள். யங்கோனா (காவா பானம்) குடிப்பது என்பதால் ‘மெங்கு யங்கோனா’.

இதில் ஒரு பொறி உண்டு. ‘கெ’ வரிசை உணவுக்கு மட்டும் அல்ல. ‘நோனா இதுக்குதுக்கு’ என்றால் அவர் சொல்லும் செய்தி. ‘கெனா இதுக்குதுக்கு’ என்றால் அவரைப் பற்றிய செய்தி. ஒரு பொருளின் நீளம், அளவு ஆகியவற்றுக்கும் ‘கெனா’தான். இங்கே சாப்பாட்டை நினைத்தால் வாக்கியம் விளங்காது.

கேள்வி: நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ‘என்’ என்று சொல்ல ‘ஆ’ வடிவமா ‘ஓ’ வடிவமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன், ஐயா. ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் எழுத்து. ‘தாக்கு’, ‘தோக்கு’ என நான் எழுதுவதில் உள்ள ககரத்தை இரட்டிக்காமல், ஆனால் வல்லினமாகவே சொல்லுங்கள். இரண்டுக்கும் பொருள் ‘என்’. அந்த உறவில் யார் கை மேலே என்று பாருங்கள். உங்கள் கை மேலே என்றால் ஆ: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உணவு, கருவிகள், வளர்ப்பு நாய். உங்களைத் தாங்குவது, சூழ்வது, உங்களுக்கு முன்பே அமைந்தது என்றால் ஓ: பெற்றோர், உடன்பிறந்தார், உடலுறுப்பு, வீடு, உடை, ‘வக்கா’ எனப்படும் படகு.

தேர்வில் காலை வாருபவை வேறு. குதிரை உங்களைச் சுமப்பதால் ஓ. உணவு ஆ என்றாலும் குடிநீரும் மருந்தும் ஓ. கணவனும் மனைவியும் ஆ, நண்பர் மட்டும் ஓ. ‘தே வையாதா ஆ மேரே’ என்றால் மேரே என்பவர் இயற்றிய அல்லது பாடும் பாட்டு. ஆவை ஓவாக மாற்றினால் மேரேயைப் பற்றிய பாட்டு. பொருள் பன்மையானால் தகரம் உதிரும்: தோக்கு வக்கா, ஓக்கு வக்கா. ஒருமையில் குழம்பினால் குறில் வடிவமான ‘தக்கு’ இரண்டுக்கும் பொது. ஆனால் அதிலேயே தங்கிவிட்டால் கற்றது நிற்காது.

கேள்வி: கோலாலம்பூரில் கடைத்தெருவில் ‘சாயா புன்யா ரூமா’ என்றால் என் வீடு. இந்தோனேசிய நண்பர் அதை ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்று புரிந்துகொண்டார். யார் சரி?

பதில்: இருவரும் சரி. ஏட்டு மலாயில் பொருள் முன்னே, உடையவர் பின்னே: ‘ரூமா சாயா’. இந்தோனேசியத்தில் ‘புன்யா’ என்பது ‘உடைமையாகக் கொண்டிருத்தல்’ என்னும் வினை. கடைத்தெரு மலாயில் அதுவே நம் ‘உடைய’ போல உருபாகி, உடையவரை முன்னே கொண்டுவந்துவிட்டது. ஹொக்கியன் சீனத்தின் வரிசை அது; தமிழின் வரிசையும் அதுவே என்பதால் நம் நாக்கு இடறவில்லை. தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, பெரியவரிடம் ‘ரூமாமு’ (உன் வீடு) என்றால் மரியாதைக் குறைவு. உறவுச் சொல்லைப் போட்டு ‘ரூமா பாக் சிக்’ என்பார்கள். ‘மாமா வீடு எங்கே?’ என்று மாமாவிடமே கேட்பது போல.

கேள்வி: எல்லா ஆஸ்திரோனேசிய மொழியிலும் உடையவர் பின்னேதானா?

பதில்: இல்லை. கிழக்கு இந்தோனேசியாவில் முறை மாறுகிறது. டச்சு அறிஞர் பிராண்டெஸ் 1884-இல் இதை வைத்தே ஓர் எல்லைக்கோடு வரைந்தார். திமோரின் தேதும் மொழியில் ‘ஹாவு நியா உமா’, அம்போன் மலாயில் ‘பேத்தா புங் ரூமா’, இரண்டும் ‘என் வீடு’தான். அண்டையிலுள்ள, ஆஸ்திரோனேசியம் அல்லாத பாப்புவன் மொழிகளின் தாக்கம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் காரணம்.

கேள்வி: தகாலோகில் ‘பாஹய் கோ’ என் வீடு, ‘பினிலி கோ’ நான் வாங்கினேன். ஒரே ‘கோ’ எப்படி இரண்டாகும்?

பதில்: இரண்டல்ல. ‘அவருடைய வருகை’ என்கிறோமே, வருவது அவர்தானே? அதுபோல ‘பினிலி கோ’ என்பதை ‘என்னால் வாங்கப்பட்டது, என் வாங்கல்’ என்று பிடித்துக்கொள்ளுங்கள். தவறு நேர்வது வேறிடத்தில். ‘என்னிடம் புத்தகம் உண்டு’ என்பது ‘மாய் லிப்ரோ அக்கோ’. அங்கே ‘கோ’ போடக்கூடாது, ஏனென்றால் ‘அக்கோ’தான் அந்த வாக்கியத்தின் எழுவாய். ‘நாத்தின்’, ‘நாமின்’ இரண்டையும் ஆங்கிலம் வழியாகப் படித்தால் குழப்பம். தமிழருக்கு ஒரு நொடி போதும்: பாஹய் நாத்தின் நம் வீடு, பாஹய் நாமின் எங்கள் வீடு.

கேள்வி: பொருளைப் பொறுத்து ‘என்’, ‘உன்’ மாறும் வகைகள் அதிகம் உள்ள மொழி எது?

பதில்: மைக்ரோனேசியாவில் பாருங்கள். போன்பேய் மொழியில் இப்படி இருபதுக்கும் மேல். வீட்டுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று. அங்கே ‘அவருடைய பன்றி’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உயிரோடு நிற்கிறதா, அறுத்தாயிற்றா, சாப்பிடப்போகிறாரா என்பதைப் பொறுத்து ‘அவருடைய’ மூன்று விதமாகும்.